காட்டெருமையைத் தூக்கும் ரயில் கிரேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதியை ஒரு மாடல் கிரேன் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் கதை இதுதான். ரன்னிமேடு பக்கம் மலை ரயில் பாதையில் ஒரு காட்டெருமை படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பக்கத்துத் தேயிலை எஸ்டேட்காரர்கள், பட்டறையில் கிடந்ததையெல்லாம் சேர்த்து, அதைத் தூக்கி அப்புறப்படுத்த ஒரு கிரேன் கட்டுகிறார்கள். கொதிகலன் டீக்கெட்டில். கிரேனின் கை குடைக்கம்பி. எதிர் எடை அம்மிக்கல்.

மாடல் ரயில் பைத்தியம் பிடித்த சிலர் ஞாயிறுகளில் கூடுவோம். அங்கேயும், வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடமும், போனிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

இது நெஜமாவே இருந்த கிரேனுங்களா?

இல்லை. நீலகிரி மலை ரயில் நிஜம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் ஓடத் தொடங்கி, 1908-இல் ஊட்டியை எட்டியது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ரன்னிமேடு ஸ்டேஷன் நிஜம். குன்னூரில் காட்டெருமை வாசல் வரை வந்து நிற்பதும் நிஜம். கெட்டில் கிரேன் மட்டும் கற்பனை.

ஆனால் ரயில் கிரேன் என்பது பழைய, மரியாதைக்குரிய ஒரு இயந்திரம். இங்கிலாந்தில் கார்லைல் ஊரின் கவன்ஸ் ஷெல்டன், இப்ஸ்விச் ஊரின் ரான்சம்ஸ் அண்ட் ரேப்பியர் போன்ற கம்பெனிகள் நீராவி கிரேன்களைச் செய்து பல நாடுகளுக்கு அனுப்பின. தடம் புரண்ட பெட்டியைத் தூக்குவதும், பாலத்துக்கு கர்டர் வைப்பதும் அவற்றின் வேலை. இன்று இந்திய ரயில்வேயில் விபத்து நடந்த இடத்துக்கு ஓடும் பெரிய கிரேன்கள் 140 டன் வகை. பீகாரில் 1862-இல் தொடங்கிய ஜமால்பூர் பணிமனை அவற்றைச் செய்கிறது. அந்தப் பரம்பரையில் என்னுடையது கொஞ்சம் மூளை பிசகிய பேரன்.

காட்டெருமை 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. நிஜத்தில் அதைத் தூக்கப் போனால் வனத்துறை நம்மைத் தூக்கும்.

ஸ்கேல்னா என்ன? இது எந்த ஸ்கேல்?

நிஜப் பொருளை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறோம் என்பதுதான் ஸ்கேல். என்னுடையது 1:60. நிஜத்தில் 60 சென்டிமீட்டர் இருப்பது மாடலில் 1 சென்டிமீட்டர்.

ஏன் 60 என்றால், தண்டவாளத்துக்காக. கடையில் எளிதாகக் கிடைக்கும் மாடல் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. இது ஹெச்ஓ என்னும் 1:87 ஸ்கேலில் உலக அளவில் 'ஸ்டாண்டர்ட்' எனப்படும் பாதையைக் காட்டுவதற்காக வந்தது. நம் மலை ரயில் மீட்டர் கேஜ், அதாவது 1000 மி.மீ. 1:87-இல் மீட்டர் கேஜ் காட்ட வேண்டுமென்றால் 12 மி.மீ. தண்டவாளம் வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலையும் கடிக்கும். 16.5-ஐ 60-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 990. பத்து மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. இந்த ஸ்கேலில் மனிதர் இரண்டே முக்கால் சென்டிமீட்டர் உயரம். போர் விளையாட்டுகளுக்கென்று விற்கும் 28 மி.மீ. பொம்மைகளுக்கு வேட்டியும் ஸ்வெட்டரும் மப்ளரும் பூசிவிட்டால் எஸ்டேட் ஆட்கள் தயார்.

கேலிக்குச் செய்யறது தானே, இதுக்குப் போய் ஏன் இவ்வளவு கணக்கு?

நான் சொல்ல விரும்பும் விஷயமே இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. கெட்டிலைக் கொதிகலனாக வைத்ததும் பார்ப்பவர் சிரிப்பார். அடுத்த நொடி அவர் கண் சக்கரத்துக்குப் போகும், கம்பிவடம் எந்தக் கப்பி வழியாகப் போகிறது என்று தேடும். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் மறுபடியும் கெட்டிலுக்கு வந்து, 'அட, இது வேலை செய்யும் போலிருக்கே' என்று இரண்டாவது முறை சிரிப்பார். அந்த இரண்டாவது சிரிப்புக்காகத்தான் இவ்வளவு பாடும்.

வடம் எங்கேயோ தொடங்கி எங்கேயோ முடிந்தால், சக்கரம் ஒன்று அந்தரத்தில் நின்றால், அது வெறும் அலங்காரப் பொம்மையாகிவிடும். ஆகவே எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்: பொய் ஒன்றுதான். 'இந்த எஸ்டேட்டுக்குக் காட்டெருமை கிரேன் தேவைப்பட்டது, கையில் கிடைத்த கெட்டிலே அதற்குக் கொதிகலன் ஆனது' என்பதே அந்தப் பொய். அதற்கப்புறம் வரும் எல்லாமே நிஜ கிரேன் எப்படி நிற்குமோ, எப்படித் தூக்குமோ அப்படி. கீழே வரும் பல பதில்கள் இந்தச் சட்டத்தையே திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

பாகங்களோட பேரே தெரியாதே, எங்க ஆரம்பிக்கறது?

அடியில் சக்கரங்களோடு இருப்பது வண்டிச் சட்டம். அதன்மேல் சுழலும் மேடை. மேடையின் முன்பக்கம் மேல்நோக்கி நீளும் கை, அதை ஜிப் என்பார்கள். பின்பக்கம் எதிர் எடை. நடுவில் வடம் சுற்றும் டிரம். கையின் நுனியில் கப்பி, கப்பியிலிருந்து கொக்கி. கனமாகத் தூக்கும்போது வண்டி சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் நீட்டும் ஊன்றுகால்கள்.

அசைவுகள் மூன்று: கொக்கி ஏறி இறங்குவது, கை நிமிர்ந்து தாழ்வது, மேடை சுழல்வது. இந்த மூன்றுக்கும் மூன்று தனி வழிகள் உங்கள் மாடலில் தெரிந்தால் போதும், மீதியெல்லாம் உங்கள் இஷ்டம்.

சாமான் எல்லாம் எங்க வாங்கினீங்க?

வாங்கியது குறைவு. கெட்டில், திருவிழாக் கடையில் விற்கும் சொப்புச் சாமான் செட்டில் வந்தது. வண்டிச் சட்டமும் மேடையும் சன்போர்டு என்னும் பிளாஸ்டிக் ஷீட். கல்லூரிப் பிள்ளைகள் பிராஜெக்ட் செய்யப் போகும் ஸ்டேஷனரி கடையில் கேட்டால் 3 மி.மீ., 5 மி.மீ. இரண்டிலும் தருவார்கள். அச்சுக்கும் திருப்புப்பிடிக்கும் சைக்கிள் போக்ஸ் கம்பி: 2 மி.மீ. தடிமன், நேராக இருக்கும், துரு சீக்கிரம் ஏறாது. எடைக்கு தூண்டில் ஈயம். சக்கரங்களை மட்டும் மாடல் ரயில் கடையில் காசு கொடுத்து வாங்குங்கள். வீட்டில் செய்த சக்கரம் தண்டவாளத்தில் நேராக ஓடாது, அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் வர்க்கியைத் தொட வேண்டும். எங்கள் கூட்டத்தில் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குடைக்கம்பி போயி கிரேன் கையா? வளைஞ்சுடாதா?

பழைய குடை ஒன்றை எடுத்து அதன் கம்பியை உற்றுப் பாருங்கள். அது உருண்டைக் கம்பி இல்லை. குறுக்குவெட்டில் 'ப' வடிவில் மடித்த மெல்லிய எஃகுத் தகடு. பெரிய கட்டுமானங்களில் சேனல் என்று பயன்படுத்தும் அதே வடிவம். எடை குறைவு, வளைய மறுக்கும். மாடலுக்கென்று விற்கும் பித்தளைச் சேனலைவிட இது எனக்குப் பிடிக்கிறது. குன்னூர் காற்றில் வருடா வருடம் இரண்டு குடையாவது உயிரை விடுவதால் கையிருப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் புதுக் குடைகள் பலவற்றில் ஃபைபர் கம்பி வருகிறது, அது இதற்கு ஆகாது.

ஆக்ஸா பிளேடால் ஒரே நீளத்தில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எஃகுத் துணுக்கு தெறிக்கும். அடிப்பக்கம் இரண்டுக்கும் நடுவே 18 மி.மீ. இடைவெளி, நுனியில் 5 மி.மீ. நடுவில் குறுக்குக் கம்பிகளை முக்கோணம் முக்கோணமாக வையுங்கள். நாற்கோணமாக வைத்தால் பக்கவாட்டில் ஆடும், முக்கோணம் ஆடாது. பெயின்ட்டை உப்புத்தாளால் சுரண்டிவிட்டு சால்டர் செய்தால் நன்றாகப் பிடிக்கும். சால்டர் வராதவர்கள் அரால்டைட் பசை வைத்து ஒரு ராத்திரி விடலாம்.

மழைக்காலத்துல பசை வெச்ச இடமெல்லாம் வெள்ளையா படியுது. என்ன பண்றது?

மலையில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்பது இது. ஃபெவிகுவிக் மாதிரியான உடனடிப் பசை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகுகிறது. ஈரம் அதிகமானால் சட்டென்று பிடிக்கும், கூடவே பசையின் ஆவி சுற்றியுள்ள பரப்பில் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படியும். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இது தவறாமல் நடக்கும். ஊட்டிக்காரர்களுக்கு ஆடி மாதமே தொடங்கிவிடும். பசையைக் குண்டூசி முனையால் தொட்டுத் தொட்டு வையுங்கள், ஜன்னலைத் திறந்து ஆவி போக விடுங்கள், டப்பாவுக்குள் மூடி வைக்காதீர்கள். வெளியே தெரியும் இணைப்புகளுக்கு அரால்டைட் நல்லது.

ஸ்ப்ரே பெயின்ட்டும் இதே வம்பைச் செய்யும். ஈரக் காற்றில் அடித்தால் பளபளப்பு போய்ப் பால் படிந்ததுபோல் மங்கும். வெயில் ஏறின பிறகு அடியுங்கள். பனிமூட்டம் இறங்கிவிட்டால் அன்றைக்குத் தூரிகையும் அக்ரிலிக்கும்தான். குடைக்கம்பியில் வெட்டிய முனைகளை உடனே பிரைமரால் மூடுங்கள், இங்கே துரு ஒரு வாரத்தில் எட்டிப் பார்க்கும்.

எருமை எத்தனை கிராம் இருக்கணும்? 60 மடங்கு சின்னதுன்னா எடையும் 60-ல ஒண்ணா?

அப்படி இல்லை, இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். நீளம் 60-இல் ஒன்று. பரப்பு 60 × 60, அதாவது 3,600-இல் ஒன்று. கன அளவு 60 × 60 × 60, அதாவது 2,16,000-இல் ஒன்று. எடை கன அளவோடு போவது.

நன்றாக வளர்ந்த ஆண் காட்டெருமை ஒரு டன் வரை வரும். பத்து லட்சம் கிராமை 2,16,000-ஆல் வகுத்தால் 4.6 கிராம். ஏறக்குறைய ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தின் எடைதான். ஆனால் எம்-சீல், களிமண் எல்லாம் மாட்டுச் சதையைவிட அடர்த்தி, அதே உருவத்தை அதில் பிடித்தால் 8 கிராம் ஆகிவிடும். தோள் உயரம் 3 செ.மீ., உடல் நீளம் 5 செ.மீ. வருமாறு பாருங்கள். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை பூச மறக்காதீர்கள், அது இல்லையென்றால் வெறும் எருமைதான்.

கொக்கியில மாட்டினதும் கிரேன் கவுந்துடுது. அடியில இன்னும் ஈயம் வெக்கவா?

கண்மூடித்தனமாக வைக்காதீர்கள். கிரேன் கவிழ்வது எந்தக் கோட்டைப் பிடித்து என்று முதலில் பாருங்கள். கை பக்கவாட்டில் திரும்பியிருக்கும்போது, அந்தப் பக்கத்துத் தண்டவாளம்தான் கவிழும் கோடு. நடுவிலிருந்து அது 8 மி.மீ. தூரம். அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கும் எடை எல்லாம் கவிழ்க்கப் பார்க்கும், உள்ளே இருக்கும் எடை எல்லாம் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். ஒவ்வொரு எடையையும் கோட்டிலிருந்து அதன் தூரத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

என் கிரேனில் கொக்கி நடுவிலிருந்து 90 மி.மீ. தள்ளி. எருமை 8 கிராம், கவிழும் கோட்டிலிருந்து 82 மி.மீ.: 8 × 82 = 656. கை 6 கிராம், அதன் எடையின் மையம் கிரேனின் நடுவிலிருந்து 45 மி.மீ. தூரத்தில்: 6 × 37 = 222. கவிழ்க்கும் பக்கம் மொத்தம் 878. பிடிக்கும் பக்கம் வண்டியும் மேடையும் சேர்ந்து 60 கிராம், நடுவில்: 60 × 8 = 480. போதாது. பின்னால் 25 மி.மீ. தள்ளி எதிர் எடை வைத்தால், அது கவிழும் கோட்டிலிருந்து 33 மி.மீ. தூரம். கெட்டிலும் அம்மிக்கல்லும் சேர்த்து 25 கிராம் வைத்தேன்: 25 × 33 = 825. இப்போது 1,305-க்கு எதிரே 878. தைரியமாகத் தூக்கலாம். அடியில் அதே 25 கிராமைப் போட்டிருந்தால் கிடைத்திருப்பது வெறும் 200.

அப்படியானால் பின்னால் 100 கிராம் வைத்துவிடலாமே என்று தோன்றும். எருமையை இறக்கியதும் கிரேன் மல்லாந்துவிடும்! கையை நிமிர்த்தி, அதன் எடை நடுவிலிருந்து 20 மி.மீ. தூரத்துக்கு வந்த நிலையில் மறுபக்கத் தண்டவாளத்தைக் கோடாக வைத்துப் பாருங்கள். பிடிக்கும் பக்கம் 480-உம் 6 × 28-உம் சேர்ந்து 648. எதிர் எடை கோட்டுக்கு வெளியே 17 மி.மீ. ஆக, 38 கிராமைத் தாண்டினால் பின்னால் விழும். நிஜ கிரேன்களையும் இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில்தான் வடிவமைக்கிறார்கள். கை நீள நீளத் தூக்கும் திறன் குறைவதும், கனத்துக்கு ஊன்றுகால் போடுவதும் இதனால்தான். ஊன்றுகால் செய்வது கவிழும் கோட்டை வெளியே தள்ளி வைக்கும் வேலை.

அம்மிக்கல் நிஜக் கல்லா?

இல்லை, ஈயத்துக்கு மேல் சாம்பல் நிறம். கல்லாக இருந்தால் அதே எடைக்கு நான்கு மடங்கு இடம் கேட்கும், ஈயம் இரண்டு கன சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. துரை பங்களா சமையற்கட்டிலிருந்து பறிமுதல் செய்ததாகக் கதை. சமையல்காரர் கோபமாகப் பார்த்துக்கொண்டு நிற்கும் பொம்மை ஒன்றையும் வைத்திருக்கிறேன்.

நூல் தொய்ஞ்சு நிக்குது, எருமை பம்பரமாச் சுத்துது.

தையல் நூல் முறுக்கிச் செய்தது. எடை தொங்கினால் முறுக்கு அவிழும், எருமை சுற்றும். பின்னிச் செய்த மெல்லிய தூண்டில் நூல் வாங்குங்கள், அது முறுக்கு இல்லாதது. அல்லது கொக்கியில் ஒரு கப்பி வைத்து நூலை இரண்டு இழையாக இறக்குங்கள், இரண்டு இழை இருந்தால் சுற்றாது. தொய்வுக்குக் காரணம் கொக்கியில் எடை இல்லாமை. கொக்கிக் கட்டைக்குள் ஒரு துளி ஈயம் போதும். தையல் நூலேதான் வேண்டுமென்றால் மெழுகுவர்த்தியில் இழுத்து உருவுங்கள், பிசிறு அடங்கும்.

மோட்டார் வெக்கலாமா?

வைக்கலாம். என்20 என்று விற்கும் சின்ன கியர் மோட்டார் மேடைக்குள் அடங்கும். கொக்கி டிரம்முக்கு, எடை இழுத்தாலும் பின்னோக்கிச் சுழலாத வார்ம் கியர் போட்டால் கரன்ட் நின்றாலும் எருமை கீழே வராது. ஆனால் நான் வைக்கவில்லை. போக்ஸ் கம்பியை வளைத்துச் செய்த கைப்பிடியைக் குழந்தைகள் சுற்றிப் பார்க்கத்தான் வருகிறார்கள், பொத்தானை அழுத்த அல்ல. மோட்டார் வைத்தால் அதன் எடையை முந்தைய கவிழும் கணக்கில் எந்தத் தூரத்தில் சேர்க்கிறீர்கள் என்று பாருங்கள். பின்னால் வைத்தால் அம்மிக்கல்லில் அந்த அளவு குறைத்துக்கொள்ளலாம்.

மலைச் சரிவுல நிறுத்தினா என்ன ஆகும்?

கல்லாறிலிருந்து குன்னூர் வரை, எஞ்சினின் பல்சக்கரம் கடித்து ஏறும் பல் தண்டவாளப் பாதையில் ஏற்றம் சுமார் 12.5-க்கு 1 வரை போகும். 60 செ.மீ. பலகையில் ஒரு முனை மற்றதைவிட 4.8 செ.மீ. உயரம். இந்தச் சரிவில் சுழலும் மேடையை விட்டால், எருமையோடு கை தானாகவே பள்ளத்தைப் பார்த்துத் திரும்பிவிடும். நிஜ கிரேனிலும் இதே தொல்லை உண்டு, சுழற்சிக்குப் பிரேக் இல்லாமல் முடியாது. மாடலில் மேடைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு வட்டத் துண்டு ஃபெல்ட் துணி வைத்து, நடு ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கினால் நிற்கும். இன்னும் ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால், மேடைக்கு அடியில் ஆப்பு வைத்து மட்டம் பார்ப்பது போல் காட்டலாம். ஆப்புக்குப் பக்கத்தில் மட்டப்பலகையோடு ஒரு ஆள்.

அடிப்பக்கம் இன்னொன்றைக் கவனியுங்கள். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ்காரரின் முறைப்படி, இரண்டு பல் பட்டைகள் தண்டவாளங்களுக்கு நடுவே, தண்டவாளத்தைவிட 64 மி.மீ. உயரத்தில் ஓடுகின்றன. 1:60-இல் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். வண்டிச் சட்டத்துக்கு அடியில் தொங்கும் எதுவும் அதைத் தொடக் கூடாது. ஈயத்தை அடியில் ஒட்டினவர்கள் மாட்டுவது இங்கேதான்.

ஆளாளுக்கு ஒரு கருத்து சொல்றாங்க. எல்லாத்தையும் கேட்டா என் மாடலே காணாமப் போயிடுது!

நான் கருத்தைவிடக் கேள்விகளைத்தான் அதிகம் மதிக்கிறேன். 'மஞ்சள் அடிச்சா நல்லா இருக்கும்' என்பது கருத்து, சரி என்று சிரித்துவிட்டுப் போகலாம். கேள்வி அப்படி இல்லை, பதில் சொல்லாமல் விட முடியாது. லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன் வந்து ரொம்ப நேரம் பார்த்தார். 'தம்பி, டிரைவர் எங்க நின்னு கொக்கியைப் பார்ப்பாரு?' என்றார். அப்போது கெட்டில் முன்பக்கம் இருந்தது, டிரைவரின் பார்வையை மறைத்தது. அதைப் பின்னால் கொண்டுபோனேன். பார்வையும் கிடைத்தது, எதிர் எடைக்கு ஐந்து கிராமும் கிடைத்தது. கோத்தகிரியில் தேயிலை ஃபேக்டரி மெக்கானிக் ஒருவர், 'கெட்டிலுக்குத் தண்ணி யார் ஊத்துவாங்க?' என்று கேட்டதால் ஒரு தகரப் பீப்பாயும் புனலும் வந்தன.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒரு சின்னப் பெண் கேட்டது: 'அங்கிள், கொக்கி குத்தினா அதுக்கு வலிக்காதா?' அதற்கப்புறம்தான் வயிற்றுக்கடியில் போகும் அகலமான இரண்டு கித்தான் பட்டைகளும், அவற்றை விரித்துப் பிடிக்கும் மேல் சட்டமும் செய்தேன். மாட்டை நிஜமாகத் தூக்கினாலும் அப்படித்தான் தூக்க வேண்டும். முன்பட்டையைத் தோளுக்குப் பின்னால் வையுங்கள், காட்டெருமையின் கனம் முழுக்க முன்பக்கம்.

'நிஜத்துல இப்படி இருக்காது'ன்னு ஒருத்தர் அடிச்சுச் சொன்னா?

அவர் என் ஒரே பொய்யைச் சொல்கிறாரா, மற்றதைச் சொல்கிறாரா என்று பார்ப்பேன். 'கெட்டில்ல நீராவி அழுத்தம் நிக்காது' என்றால், 'ஆமாங்க' என்று டீ கொடுத்து அனுப்பலாம். மற்றதாக இருந்தால் உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

உதாரணம் ஒன்று. கிரேனை குன்னூர் ஷெட்டில் நிறுத்தி, அங்கிருந்து ரன்னிமேட்டுக்கு இறக்குவதாகக் கதை வைத்திருந்தேன். ஒருவர் கேட்டார்: 'பல் பாதையில் எஞ்சின் எப்பவும் பள்ளத்துப் பக்கம்தானே இருக்கும்? ஏறும்போது பின்னால நின்னு தள்ளும், இறங்கும்போது முன்னால நின்னு தாங்கும். குன்னூர்ல இருந்து இறங்கினா எருமைக்கும் கிரேனுக்கும் நடுவுல எஞ்சின் வந்துடாதா?' வந்துவிடும். அதனால் கதையில் கிரேனின் வீடு இப்போது ஹில்குரோவ். ரன்னிமேட்டுக்கு அடுத்த கீழ் ஸ்டேஷன். அங்கிருந்து ஏறினால் கிரேன் முன்னால், மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சின் பின்னால். ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள் என்பதால் கெட்டிலுக்கும் அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம்.

நான் கொடைக்கானல். எங்களுக்கு மலை ரயிலே இல்லையே?

கொடுத்து வைத்தவர் நீங்கள். கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் சமவெளியிலேயே நின்றுவிட்டது, மலைமேல் தண்டவாளமே ஏறவில்லை. எங்களுக்கு 208 வளைவு, 16 சுரங்கம் என்று எல்லாவற்றையும் யாராவது சரிபார்ப்பார்கள். உங்கள் பாதையை நீங்களே போடலாம், கேட்க ஆளில்லை. மூன்றாவது கேள்வியில் சொன்ன ஒரு பொய்யை 'பழனி மலைக்கு ரயில் வந்தது' என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்குவதற்கு மலைப்பூண்டு மூட்டையோ பேரிக்காய்க் கூடையோ. வடம் இழுத்து மேலேறுவது எப்படி என்று பார்க்க உங்களுக்குப் பக்கத்திலேயே பழனி முருகன் கோயில் விஞ்ச் இருக்கிறது. சாமி கும்பிட்டுவிட்டு டிரம்மையும் கப்பிகளையும் பார்த்து வாருங்கள்.

எல்லாம் சரி, தூக்கின எருமையை எங்க வெப்பீங்க? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

இதைக் கேட்பவர்கள்தான் மாடலை ஒழுங்காகப் பார்த்தவர்கள். கிரேனுக்கும் எஞ்சினுக்கும் நடுவே புல் பரப்பிய ஒரு திறந்த வண்டி இருக்கிறது. நிஜ ரயில் கிரேன்களோடும் இப்படி ஒரு துணை வண்டி போகும், ஓடும்போது கை அதன்மேல்தான் நீண்டிருக்கும். என்னுடையதில் கிரேனின் நடுவிலிருந்து வண்டியின் நடு 80 மி.மீ., கை எட்டுவது 90, ஆகவே எட்டும். முன்னால் படுத்திருப்பதைத் தூக்கி, மேடையை அரை வட்டம் சுழற்றிப் பின்னால் வைக்க வேண்டும். பாதி வழியில் கை பக்கவாட்டில் நிற்கும் நொடிதான் ஆபத்து, மேலே போட்ட கணக்கு அந்த நொடிக்கானது.

சுழற்றுவது பள்ளத்துப் பக்கமாக. அப்போது கிரேனின் வால் பாறைப் பக்கம் போகும். எதிர் எடையின் பின்விளிம்பு நடுவிலிருந்து 32 மி.மீ. என்பதால், பாறையைத் தண்டவாளத்தின் நடுவிலிருந்து 38 மி.மீ. தள்ளி வைத்திருக்கிறேன். நீங்கள் செய்யும்போது பாறையை ஒட்டுவதற்கு முன்னால் கிரேனை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எருமையை மாட்டும்போது தலை கிரேனைப் பார்க்காமல் வெளியே பார்த்தபடி இருக்கட்டும். உள்ளே பார்த்தால், கையை நிமிர்த்தும்போது கொம்பு குடைக்கம்பியின் முக்கோணத்துக்குள் மாட்டிக்கொள்ளும்.